இலிங்க ஓமோன்களும் தாய்மாரின் மனச்சோர்வும் - உடப்புசல்லாவைத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண்ணைத் தமிழ் மக்கள் 'பச்சை உடம்புக்காரி' என்பர். மலையகத் தோட்டங்களிலும் இவ்வழக்கு உண்டு. குளிர்காற்றுப் படலாகாது, பாரம் தூக்கலாகாது, கண்டதை உண்ணலாகாது என்றவாறு அவ்வுடம்பைச் சுற்றி நம் முன்னோர் இட்ட வேலி பெரிது. ஆயின், அவ்வுடம்பினுள் உறையும் மனத்தின் பச்சைத் தன்மையைக் குறிப்பதற்கு இதனை ஒத்த பரிவான சொல் ஒன்று நம் வழக்கிலே தோன்றவில்லை. காரணமின்றி அழுபவளைக் காற்றுக் கறுப்பு அண்டியவள் என்போம். பிள்ளையைத் தூக்க மனமற்றுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளைச் சோம்பேறி என்போம். பிதற்றத் தொடங்கிவிட்டால் சன்னி என்போம். இம்மூன்றுக்கும் நடுவே, நெஞ்சிலே பாரத்தைச் சுமந்துகொண்டு வாய் திறவாமல் வேலைக்குப் போய்வரும் தாய்க்கு எந்தப் பெயரும் இல்லை. இக்கட்டுரை பெரிதும் அவளைப் பற்றியது.

பிரசவத்தின் பின்னான மனச்சோர்வு ஏன் வருகின்றது என்னும் வினாவுக்கு இன்று பரவலாகக் கூறப்படும் விடை, 'ஓமோன் மாற்றம்' என்பதாகும். பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களும் வைத்தியர்களும் ஓரளவு படித்த இளைஞரும் இவ்விடையையே கூறக் கேட்கிறோம். இதற்கு எதிர்முனையில் நிற்பவர் முற்போக்காளர். வறுமையும் லயமும் குடிவெறியும் சுரண்டலும் இருக்கையில் சுரப்பிகளைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பும் வேலை என்பது அவர்தம் கட்சி. இவ்விரு கட்சியாரும் ஒருவரையொருவர் செவிமடுப்பதில்லை. இதனால் நேரும் நட்டம் அவ்விருவருக்குமன்று, தாய்க்கே.

நாம் உடப்புசல்லாவையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வெலிமடை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், மத்திய மலைத்தொகுதியின் கீழைச் சரிவிலே அமைந்த பிரதேசம் இது. இலங்கைத் தேயிலை வாணிபத்தில் தனிப் பெயர் பெற்ற ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக உலகச் சந்தை இதனை அறியும். ஆனால் ஹற்றன், தலவாக்கலை ஆகிய இடங்களைப் பற்றி நம்மவர் எழுதியவற்றோடு ஒப்பிட, இதன் மக்களைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம். நானு ஓயாவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போடப்பட்ட சிறிய இருப்புப்பாதைக்கு 'உடப்புசல்லாவைப் புகையிரதப்பாதை' என்றே பெயர். அப்பாதையோ இராகலையோடு நின்றுவிட்டது; பெயர் மட்டுமே உடப்புசல்லாவையை எட்டியது. நாற்பதுகளில் அப்புகையிரதமும் நிறுத்தப்பட்டது. சேவைகள் பல இப்பகுதியை நோக்கிப் புறப்பட்டு நடுவழியிலே தங்கிவிடுவதைக் காணும்போதெல்லாம் இப்பாதையின் நினைவு நமக்கு எழுவதுண்டு.

முதலில் ஓமோன் என்னும் கருத்தை நோக்குவோம். இரத்தத்திலே கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்பைத் தூண்டும் பொருளுக்கு 1905இல் ஸ்ரார்லிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் இப்பெயரை வழங்கினார். ஈஸ்திரஜன் வகையைச் சேர்ந்த முதற் பொருள் 1929இலும், புரொஜெஸ்தெரோன் 1934இலும், ஆண் ஓமோனான தெஸ்தொஸ்தெரோன் 1935இலும் பிரித்தெடுக்கப்பட்டன. ஆனால் பெண்ணின் மனத்தை அவளது கருப்பையோடு முடிச்சுப் போடும் வழக்கம் இவற்றுக்கெல்லாம் மிக முந்தியது. 'ஹிஸ்டீரியா' என்னும் நோய்ப்பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1872இல் அமெரிக்கரான பற்றி என்னும் சத்திரசிகிச்சையாளர், மாதவிடாயோடு கூடிய நரம்புத் தொல்லைகளுக்குப் பரிகாரமாகப் பெண்களின் சூலகங்களை அகற்றத் தொடங்கினார். நோயற்ற சூலகங்களே அகற்றப்பட்டன என்பது ஈண்டுக் கருதற்பாலது. அவரைப் பின்பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அச்சிகிச்சைக்கு உள்ளான பெண்கள் பலர், உயிரிழந்தோரும் உளர். எனவே, 'பெண்ணின் துயரம் அவளது சுரப்பியிலே உள்ளது' என்ற பேச்சைக் கேட்டதும் முற்போக்காளர் முகஞ்சுளிப்பது வெறும் பிடிவாதமன்று. அந்த ஐயத்துக்கு ஒரு வரலாறு இருக்கின்றது.

எனினும் வரலாற்றைச் சொல்லி உடலை மறுத்துவிட முடியாது. கர்ப்பகாலத்தில் ஈஸ்திரஜனையும் புரொஜெஸ்தெரோனையும் பெருமளவிற் சுரப்பது சூல்வித்தகம், அதாவது மக்கள் நச்சுக்கொடி என வழங்கும் உறுப்பு ஆகும். பத்து மாதத்தில் இவ்விரு ஓமோன்களும் வழக்கமான மட்டத்திலிருந்து பன்மடங்கு உயர்கின்றன. பிரசவத்தோடு சூல்வித்தகம் வெளியேறிவிடவே, மாதக்கணக்கில் ஏறிய அந்த மட்டம் சில நாள்களிலேயே விழுந்துவிடுகின்றது. மனித உடல் தன் வாழ்நாளிற் காணும் ஓமோன் வீழ்ச்சிகளில் இதனை ஒத்த வேகமும் அளவும் உடையது வேறில்லை எனலாம். அவ்வீழ்ச்சி நிகழும் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில் தாய்மாரில் அரைப்பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ காரணமறியாது கண்ணீர் விடுவதும், சிடுசிடுப்பதும், பின் தாமாகவே தெளிவதும் உலகெங்கும் காணப்படுவன. அது நோயன்று. இரு வாரம் கடந்தும் தெளியாது நிலைப்பதும், உறக்கத்தையும் உணவையும் ஆசையையும் கெடுப்பதும், 'நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்' என்னும் எண்ணத்தை ஊட்டுவதுமே மனச்சோர்வு நோயாகும். இவ்விரண்டினும் வேறானது பிரசவ உன்மத்தம். ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவிலே தோன்றும் அது, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டிய அவசர நிலை. பூசாரியிடம் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான நாளே.

ஓமோன் கட்சியின் வலுவான சான்றுகளை இனிக் காண்போம். எடின்பரோவில் கெண்டலும் அவர்தம் குழுவினரும் 54,000க்கும் மேற்பட்ட பிரசவங்களின் பதிவுகளை உளநோய் அனுமதிப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. பிரசவத்தை அடுத்த முதல் முப்பது நாள்களில், கடும் உளநோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு, கர்ப்பத்துக்கு முந்திய காலத்தைவிடப் பல மடங்கு உயர்ந்திருப்பதை அது காட்டிற்று. வறுமையும் குடும்பச் சச்சரவும் பிரசவ நாளன்று திடீரெனப் பிறப்பவை அல்ல. ஆகவே, அந்நாளை ஒட்டி நிகழும் ஏற்றத்தை விளக்க உடலியற் காரணம் ஒன்று வேண்டும் என்பது நியாயமான வாதம்.

மற்றையது, 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவகத்திலிருந்து புளொக் முதலியோர் வெளியிட்ட பரிசோதனை. அதன் அமைப்பு நுணுக்கமானது. கர்ப்பமுறாத பதினாறு பெண்களை அவர்கள் தெரிந்தெடுத்தனர். எண்மர் முன்னொரு பிரசவத்தின்பின் மனச்சோர்வுற்றுத் தேறியவர். ஏனைய எண்மர் பிரசவித்தும் அந்நோயை அறியாதவர். முதலில் மருந்தினாற் சூலகங்களின் சுரப்பு அடக்கப்பட்டது. பின்னர் எட்டு வாரங்களுக்கு ஈஸ்திரஜனும் புரொஜெஸ்தெரோனும் மிகை அளவிற் கொடுக்கப்பட்டு, ஈற்றில் அப்பெண்களுக்குத் தெரியாத வகையிலே நிறுத்தப்பட்டன. பிள்ளையில்லை, பேறில்லை, இரவு விழிப்பில்லை, மாமியாருமில்லை. ஓமோனின் ஏற்றமும் வீழ்ச்சியும் மட்டுமே. முன்னர் நோயுற்றவருள் ஐவருக்கு மனநிலை குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்தது. நோயறியாத எண்மருள் ஒருவருக்கேனும் அவ்வாறு நிகழவில்லை.

பதினாறு பேர் மிகச் சிறிய தொகை என்பது உண்மையே. ஆயினும் இதிலிருந்து பெறத்தக்க கருத்து பெரியது. வீழ்ச்சி இரு சாராருக்கும் ஒன்றே; விளைவு வேறு. சோர்வுற்ற தாயின் இரத்தத்திலுள்ள ஓமோன் அளவையும் சோர்வுறாத தாயின் அளவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் இரண்டுக்குமிடையே நிலையான வேறுபாட்டைக் காணாதமையும் இதனோடு ஒத்துப்போகின்றது. எனவே, 'ஓமோன் குறைந்துவிட்டது, ஆதலாற் சோர்வு' என்னும் பத்திரிகைக் கூற்றுப் பிழையானது. எல்லாத் தாய்மாருக்கும் ஓமோன் குறைகின்றது. சிலருடைய மூளையே அவ்வீழ்ச்சியைத் தாங்க இயலாது தத்தளிக்கின்றது. யாருடைய மூளை, எதனால் என்பதே மெய்யான வினா.

இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை அண்மைக் காலத்திலே கிட்டியுள்ளது. புரொஜெஸ்தெரோன் உடலிற் சிதைந்து மாறும்போது தோன்றும் அலோபிரெக்னனலோன் என்னும் பொருள், மூளையின் நரம்புக் கலங்களை அமைதிப்படுத்தும் காபா வாங்கிகளிலே தொழிற்படுகின்றது. கர்ப்பகாலத்தில் இப்பொருள் மிகுந்திருக்க, வாங்கிகள் அதற்கேற்பத் தம்மைச் சீரமைத்துக் கொள்கின்றன. பிரசவத்தின் பின் மீண்டும் சீரமைய வேண்டும். இந்த இரண்டாவது சீரமைவு சிலரிற் பிந்துகின்றது என்பது கருதுகோள். இதே பொருளை மருந்தாக நாளத்தினூடே அறுபது மணிநேரம் செலுத்தும் சிகிச்சைக்கு 2019 மார்ச்சில் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் அனுமதி வழங்கிற்று. அதன் விலை அமெரிக்க டொலரில் ஏறத்தாழ 34,000. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் ஆயுளின் பல ஆண்டுக் கூலியைக் கூட்டினாலும் எட்டாத தொகை! 2023 ஓகஸ்டில், பதினான்கு நாள் விழுங்கத்தக்க சூரனலோன் என்னும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நாளத்திற் செலுத்தும் மருந்தினை அதன் உற்பத்தியாளர் 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டனர். விஞ்ஞானம் வென்றது, பண்டமோ சந்தையில் நின்று பிடிக்கவில்லை.

இனி மறுபக்கம். 1978இல் பிரௌன், ஹரிஸ் என்னும் இரு சமூகவியல் ஆய்வாளர், தென் இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்திய ஆய்வை நூலாக வெளியிட்டனர். பெருந்துன்பம் ஒன்று நேர்கையில் எந்தப் பெண் மனச்சோர்வில் வீழ்கிறாள் என்பதை நான்கு நிலைமைகள் முன்கூட்டியே தீர்மானிக்கின்றன என அவர்கள் கண்டனர்: மனந்திறந்து பேசத்தக்க துணை இன்மை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தமை, பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருத்தல், வீட்டுக்கு வெளியே தொழில் இன்மை. தமிழகத்தில், வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பகுதியில் 359 கர்ப்பிணிப் பெண்களிடம் தொடங்கிய ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. பிரசவத்தின் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்குப் பதினொருவர். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத்து இடர்கள், கைவேலைக்கு உதவி இன்மை என்பன அந்நோயோடு தொடர்புற்று நின்றன. அதே ஆண்டில் வெளியான கோவா ஆய்வு, பிரசவித்து ஆறு முதல் எட்டு வாரங்களில் நூற்றுக்கு இருபத்து மூன்று தாய்மாரை மனச்சோர்வுற்றவராகக் கண்டது. அங்கும் பொருளாதார நெருக்கடியும் கெட்ட மணவாழ்வும் பெண் குழந்தையும் கதையில் வருகின்றன. குழந்தை ஆணா பெண்ணா என்பதால் தாயின் ஓமோன் வீழ்ச்சி மாறுவதில்லை. அவளைச் சுற்றியிருப்போரின் முகங்களே மாறுகின்றன.

பிரௌன், ஹரிஸ் ஆகியோரின் நான்காவது நிலைமையைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கையில் ஒரு முரண் எழுகின்றது. உடப்புசல்லாவைப் பெண் வீட்டிலே அடைபட்டவள் அல்லள். இந்நாட்டிற் பெண்கள் மிகப் பெருமளவில் கூலிக்கு உழைக்கும் துறைகளுள் தேயிலைத்துறை ஒன்று. தொழில் அவளைக் காக்க வேண்டுமே! காக்கவில்லையாயின், எத்தகைய தொழில், அதன் ஊதியம் யார் கையிற் சேர்கின்றது என்று கேட்க வேண்டும். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்ததே 1984இல்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் நீண்ட காலம் நிலவிற்று. 1982இல் சர்வதேசத் தொழில் தாபனத்துக்காக ரேச்சல் குரியன் எழுதிய ஆய்வு தோட்டப் பெண்ணின் இத்தகைய நிலையை விரிவாகப் பேசியது. வெளியே சென்று உழைப்பதனாற் பெண்ணுக்குக் கிட்டும் தன்மதிப்பும், நாலு பேரோடு பேசும் வாய்ப்பும், தன் கையில் நாலு காசும் ஆகிய மூன்றில் எஞ்சுவது எது? மலையிலே நிரையில் நின்று பக்கத்து நிரைக்காரியோடு பேசும் பேச்சு ஒன்றே. அது சிறிய பாதுகாப்பன்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரசவ விடுமுறையிலே லயக் காம்பராவில் தனித்திருக்கும் தாய் இழப்பதும் அதனையே.

1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வார விடுமுறை உண்டு. பொதுவாகப் பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம். மூன்றாம் பிள்ளை முதல் அது பாதியாகக் குறைக்கப்பட்டிருந்த அநீதி 2018இன் திருத்தத்தாலேயே நீங்கிற்று. ஆக, பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது தாய் மீண்டும் பெரட்டுக்களத்துக்கு வந்துவிடுகிறாள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டு, கூடையும் படங்குமாய் மலையேறுகிறாள். குறித்த கிலோ நிறை கொழுந்து எடுத்தால் முழுப்பேர், தவறினால் அரைப்பேர். உடப்புசல்லாவையோ இரு பருவப்பெயர்ச்சிகளின் மழையையும் குளிரையும் ஏற்கும் சரிவு. ஈரப் படங்கோடு நின்று பறிக்கும் நாள்கள் அங்கு அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநேரத்தினுள் இரண்டு இடைவேளை சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. பிள்ளைக் காம்பரா இருப்பின் அரைமணி வீதம். ஏற்றத்திலே இருக்கும் மலைக்கும் பள்ளத்திலே இருக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையே நடக்கும் நேரம் இவ்வரைமணியில் எவ்வளவு என்பதை எழுதியோர் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. மார்பு கட்டி வலிக்க, கிலோக் குறையும் அச்சத்தால் இறங்காமலே நிற்கும் தாய்க்கு உறக்கக் குறைவும் இரத்தச்சோகையும் சேர்ந்துகொள்ளுமாயின், அவளது மூளை இரண்டாவது சீரமைவை எவ்வாறு செய்து முடிக்கும்?

இவ்விடத்திலேதான் இரு கட்சிகளும் சந்திக்கின்றன என்பது நம் கருத்து. ஓமோன் வீழ்ச்சி, நோய் எப்போது வரும் என்பதை விளக்குகின்றது. யாருக்கு வரும் என்பதை முற்றாக விளக்குவதில்லை. பரம்பரையும் முன்னைய நோய் வரலாறும் அதிற் பங்குகொள்வன. நெடுநாள் நெருக்கடியோ வெளியிலே நின்றுவிடும் பொருளன்று. அது கோட்டிசோல் முதலிய நெருக்கடி ஓமோன்களாக உடலினுள்ளே நுழைகின்றது. உறக்கக் கேடும் அவ்வாறே. கபச்சுரப்பிக்குத் துரை யார், தொழிலாளி யார் என்று தெரியாது. ஆனால் அதனைத் தினமும் தூண்டும் நிலைமைகள் வர்க்கத்தின்படி பங்கிடப்படுகின்றன. சமூகக் காரணத்தை ஏற்பவர் உடலைக் கைவிட வேண்டியதில்லை. பொருள்முதல்வாதி உடலை மறுப்பது, சரியாக நோக்கின், தன் கொள்கையையே மறுப்பதாகும்.

தாய்வீட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். முதற்பேறு தாய்வீட்டில் என்பது நம் மரபு. எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, காயம் அரைத்துக் கொடுத்து, இரவிலே பிள்ளையை வாங்கிக்கொண்டு 'நீ கொஞ்சம் கண்ணை மூடு' என்று சொல்லும் அம்மாயி இருந்தவரையில், பச்சை உடம்புக்காரிக்கு உறக்கம் இருந்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாட்டுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். இப்பங்கீடு குடும்பங்களின் நடுவே சென்றது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும், மகள் உடப்புசல்லாவை மலையிலும் தாய் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டத்திலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. இன்று அம்மாயி மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வீட்டுவேலைக்குச் சென்றிருக்கிறாள். ஒப்பந்தம் செய்த வேலையை இன்று பொருளாதாரம் செய்கின்றது. எந்த இரத்தப் பரிசோதனையும் இந்த இன்மையைக் காட்டித் தராது.

சுரப்பி சார்ந்த வேறு சில செய்திகளும் இதனோடு தொடர்புடையன. பிரசவித்து ஓராண்டினுள், ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து தாய்மாரில் தைரொயிட்டுச் சுரப்பி அழற்சியுற்றுப் பின் சோர்ந்துவிடுகின்றது. அசதி, குளிர் தாங்காமை, மந்தம், துயரம் என்னும் அதன் குறிகள் மனச்சோர்வை அப்படியே ஒத்தவை. இரத்தச்சோகையும் அவ்வாறே. எனவே மனச்சோர்வு எனச் சந்தேகிக்கும்போது இவ்விரண்டையும் சோதித்தல் வேண்டும். இதன் மறுதலையும் உண்மை: இரும்புச்சத்து மாத்திரையைக் கையிற் கொடுத்து, 'எல்லாம் சரியாப் போகும்' என்று அனுப்பிவிட்டால், சோகை தீர்ந்த பின்னும் துயரம் தீராமல் நிற்கும் தாயை நாம் தவறவிடுவோம்.

கர்ப்பத்தடை குறித்துத் தோட்டங்களில் நிலவும் அச்சம் ஒன்று உண்டு. ஒப்பரேசன் செய்துகொண்டவளுக்கு 'உடம்பு போய்விடும், புத்தி பேதலிக்கும்' என்பர். பலோப்பியன் குழாயைக் கட்டுவது சூலகத்தைத் தொடுவதன்று. ஓமோன்கள் முன்போலவே சுரக்கும். ஆகவே அச்சிகிச்சை மனநோயை உண்டாக்கும் என்பதற்கு உடலியல் ஆதாரம் இல்லை. ஆனால் முழு விளக்கமின்றி, களைத்த நேரத்தில், பிறர் வற்புறுத்தக் கையெழுத்திட்ட பெண்ணின் உள்ளத்திலே எழும் இழப்புணர்வு வேறு. அதற்கு ஓமோன் தேவையில்லை. மூன்று மாத ஊசியின் நிலையோ சற்று வேறு. அதில் உள்ளது புரொஜெஸ்தெரோனை ஒத்த செயற்கைப் பொருள். பெரும்பாலோருக்கு அதனால் மனநிலை மாறுவதில்லை, சிலருக்கு மாறலாம். 'ஊசி போட்டதிலிருந்து மனசு சரியில்ல' என்று ஒருத்தி கூறுவாளாயின் அதனைக் கற்பனை என்று தள்ளாது, வேறு முறைக்கு மாற்றிக் கொடுப்பதே முறை. மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும், நாற்பத்தைந்தை அண்டி மாதவிடாய் ஒழுங்கு குலையும் ஆண்டுகளிலும் இதேபோன்ற தத்தளிப்புச் சிலருக்கு நிகழ்வதுண்டு. அவை தனிக் கட்டுரைக்கு உரியன.

நோயைக் கண்டறியும் கருவியைப் பற்றிச் சிறிது. எடின்பரோவில் கொக்ஸ் முதலியோர் 1987இல் வெளியிட்ட பத்து வினாக்கள் கொண்ட படிவமே உலகெங்கும் பயன்படுகின்றது. சிங்களத்திலும் தமிழிலும் அது பெயர்க்கப்பட்டுச் சோதிக்கப்பட்டுள்ளது. ஆயின் நூல்வழக்குத் தமிழிலே எழுதிய படிவம் வேறு. லயத்துப் பேச்சு வேறு. 'மனச்சோர்வு' என்ற சொல்லைத் தோட்டத்துப் பெண் தன்னைக் குறித்து ஆள்வதில்லை. 'நெஞ்சு பாரமா இருக்கு', 'கை கால் ஓயுது', 'தலை கிறுகிறுங்குது', 'எதுலயும் மனசு ஒட்டல' என்பனவே அவள் மொழி. உடலின் மொழியாலே அவள் உள்ளத்தைச் சொல்லுகிறாள். கேட்பவர் உடலை மட்டும் கேட்டுவிட்டு வலிமாத்திரை தருகிறார். படிவத்தை மாமியார் பக்கத்தில் இருக்க உரத்து வாசித்துக் கேட்பின், எல்லா வினாவுக்கும் 'இல்லைங்க' என்ற விடையே வரும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் கேட்க, பக்கத்து வீட்டுக்காரி மொழிபெயர்க்கும் நிலை ஏற்படுமாயின் அது படிவமே அன்று. தன்னைத்தான் மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது வினாவுக்கு மெய்யான விடை தனிமையிலே, தாய்மொழியிலே, நம்பத்தக்கவளிடம் மட்டுமே கிடைக்கும். அவ்வெண்ணம் உண்டென அறிந்தால் அவளைத் தனியே விடாது அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 1926 என்னும் தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி எண்ணும் உண்டு. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்னும் அச்சம் ஆதாரமற்றது.

குடும்பநல மருத்துவமாது பிரசவித்த வீட்டுக்கு வரும் வருகைகள் முதல் ஆறு வாரங்களைச் சூழ அமைந்தவை. அவை குழந்தையின் நிறைக்கும் கொப்பூழ்க்கொடிக்கும் தாயின் குருதிப்போக்குக்கும் ஏற்ற காலக்கணக்கு. மனச்சோர்வோ ஆறு வாரத்தின் பின்னும் தொடங்கலாம். தாய் மலைக்குத் திரும்பும் பத்தாம் வாரத்தை ஒட்டி அவளைப் பார்த்து, 'தூக்கம் இருக்கா? யாரு ஒத்தாசைக்கு இருக்காங்க?' என்று கேட்பதற்கென ஒரு வருகை வேண்டும் என்பது நம் கோரிக்கை. இதற்குப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ தேவையில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் அதீப் ரகுமானும் அவர்தம் குழுவினரும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்மாதிரி. கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறு பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரோடு வீடு தேடிச் சென்று ஒழுங்காகப் பேச வைத்தனர். பிரசவித்து ஆறு மாதத்தில், அவ்வாறு பேசப்பட்ட தாய்மாருள் நூற்றுக்கு இருபத்து மூவர் மட்டுமே சோர்வுற்றிருக்க, வழக்கமான வருகை மட்டும் பெற்றோருள் ஐம்பத்து மூவர் சோர்வுற்றிருந்தனர். அப்பணிப்பெண்கள் ஓமோனை அளக்கவில்லை.

பேச்சினால் மட்டும் தேறாத தாய்க்கு மருந்து வேண்டும். பாலூட்டும் தாய் மனச்சோர்வு மாத்திரை உண்ணலாகாது என்னும் எண்ணம் தோட்டத்தில் மட்டுமன்றிப் படித்த குடும்பங்களிலும் பரவியிருக்கின்றது. சேர்ற்றலீன் போன்ற மருந்துகள் தாய்ப்பாலிலே மிகச் சிறிதளவே கலப்பவை. வைத்தியரின் கண்காணிப்பில் அவற்றை உண்டுகொண்டே பாலூட்டலாம். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். பலன் தெரிந்ததும் நிறுத்திவிடாமல் மாதக்கணக்கிலே தொடர வேண்டும். கிளினிக் நாளன்று பேர் இழக்காமல் அவள் உளநோய்க் கிளினிக்குக்குச் சென்றுவர வழி செய்வது தோட்ட நிருவாகத்தோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம். கூலியைப் பற்றிப் பேசும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இந்த ஒரு நாட்பேரும் இடம்பெறலாம்.